சப்பாத்தின் குதி: லாடத்தில் இருந்து ரயர் துண்டு வரை



இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். இரவுச் சாப்பாடு முடிந்து ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

ஒவ்வொரு தவணையும் பெற்றோர் என்னிடம் சொல்லும் முறைப்பாடு ஒன்று இருக்கிறது. "சேர், வவுச்சருக்கு எடுத்த சப்பாத்து. மேலெல்லாம் புதுசு மாதிரித்தான் கிடக்கு. குதி மட்டும் போயிட்டுது." அண்மைய வருடங்களில் அரசாங்கம் கொடுக்கும் சப்பாத்து வவுச்சர் 3000 ரூபா. அது வருடத்துக்கு ஒரு சோடிக்குத்தான். கிறவல் வீதியில் நடந்து வரும் பிள்ளைக்கு வருடம் பெரிது, குதி சின்னது. மீதி மாதங்களுக்கு வாப்பாவோ அப்பாவோ தன் காசில் இன்னொரு சோடி எடுக்க வேண்டும். அல்லது பிள்ளை அந்தத் தேய்ந்த குதியோடு கோணி நடக்க வேண்டும்.

ஏன் எல்லாச் சப்பாத்தும் குதியில் சாகிறது? அதைத் தடுக்க மனிசர் என்னென்ன செய்திருக்கிறார்கள்? வரலாறு படிப்பிக்கிறவனிடம் இதைக் கேட்டால் பதில் எங்கெங்கோ போகும். போகட்டும்.

முதலில் ஒரு சின்ன வேலை. வீட்டு வாசலில் கிடக்கும் உங்கள் பழைய செருப்பை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலானோருக்குக் குதியின் பின்பக்கம், அதுவும் வெளிப்பக்க விளிம்புதான் கூடுதலாகத் தேய்ந்திருக்கும். நடக்கும்போது கால் நிலத்தைத் தொடும் முதல் இடம் அது. உடம்பின் முழுப் பாரமும், இறங்கும் வேகத்தால் அதைவிடக் கொஞ்சம் கூடவும், ஒவ்வொரு அடிக்கும் அந்த விளிம்பைச் சுற்றித்தான் விழுகிறது. விளிம்பு கரைந்தால் கணுக்கால் வெளியே சாயும். பிறகு முழங்கால், பிறகு நாரி. "சப்பாத்துத் தானே" என்று விடுகிற விசயம் இல்லை.

சப்பாத்து என்ற சொல்லே நம்முடையது இல்லை. போர்த்துக்கீசர் விட்டுப்போன சொல் அது. அவர்கள் மொழியில் சப்பாத்தோ. கதிரை, அலுமாரி, வாங்கு, குசினி, விறாந்தை எல்லாம் அதே கப்பலில் வந்தவை. இந்தியத் தமிழர் ஷூ என்கிறார்கள். நாங்கள் 400 வருடமாகச் சப்பாத்து என்கிறோம், சிங்களவர் சபத்து என்கிறார்கள். யாழ்ப்பாண இராச்சியம் 1619இல் போர்த்துக்கீசர் கையில் விழுந்தது. வன்னிமைகள் அவர்களுக்கு முழுதாக அடங்கவில்லை, ஆனால் சொல் மட்டும் காட்டுக்குள் வந்து குடியேறிவிட்டது.

ஆனால் சப்பாத்துக்கு உயர்ந்த குதி போர்த்துக்கீசர் கண்டுபிடித்தது இல்லை. காலணி வரலாற்றை ஆய்ந்தவர்கள் அதைப் பாரசீகக் குதிரை வீரர்களிடம் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். ஓடும் குதிரையில் அங்கவடியில் எழுந்து நின்று அம்பு விட வேண்டும். கால் நழுவாமல் பிடித்துக்கொள்ளக் குதி தேவைப்பட்டது. சபவி மன்னர் ஷா அப்பாஸ் 1599இல் ஐரோப்பாவுக்கு ஒரு தூதுக் குழுவை அனுப்பினார். அந்தக் காலத்தில் பாரசீகப் பாணி மேல் ஐரோப்பியப் பிரபுக்களுக்கு மோகம் பிடித்தது, குதியும் அவர்கள் காலுக்கு ஏறியது. பிரான்சில் 14ஆம் லூயி மன்னர் தன் குதிக்குச் சிவப்புச் சாயம் பூசி, அரசவைக்கு வெளியே உள்ளவர்கள் அப்படிப் பூசக் கூடாது என்ற நிலையை உண்டாக்கினார். குதி போட்ட செருப்போடு போகும் குமர்ப்பிள்ளைகளைப் பார்த்து முணுமுணுக்கும் பெரியவர்கள் ஒன்றை நினைவில் வைக்கலாம். அது முதலில் ஆம்பிளைகளின் போர்க் காலணி.

நம் பக்கம் என்ன நடந்தது? பெரும்பாலும் வெறுங்கால்தான். வன்னியைப் பற்றி எழுதப்பட்ட பழைய நூல்களில் முக்கியமானது ஜே.பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைநூல். அந்தக் காலத்து வன்னிக் கிராமங்களைச் சப்பிய நோய்களில் ஒன்று பறங்கி. அதைப் பற்றிக் கின்சி என்ற தலைமை வைத்திய அதிகாரி 1881இலேயே தனி அறிக்கை எழுதும் அளவுக்கு அது பரவியிருந்தது. உள்ளங்காலில் பறங்கிப் புண் வந்தவர் பாதத்தை முழுதாக ஊன்ற முடியாமல் நண்டு மாதிரி நடப்பார். இதோடு கொழுக்கிப் புழு. ஈர மண்ணில் இருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகிற புழு அது. 1916இல் ரொக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கையில் கொழுக்கிப் புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினார்கள். மலசலகூடம் கட்டுவதும் மருந்து கொடுப்பதும்தான் முதன்மை வேலை, ஆனால் காலுக்கு ஏதாவது போடுங்கள் என்ற பேச்சும் அந்தக் காலத்தோடு சேர்ந்தே ஊருக்குள் வந்தது.

காசு இல்லாததால் மட்டும் சனம் வெறுங்காலோடு நடக்கவில்லை. இதை மறைத்து வரலாறு எழுத எனக்கு மனம் இல்லை. வடக்கில் சில மக்கள் செருப்புப் போட்டுக்கொண்டு வேறு சிலரின் வாசலைக் கடக்க முடியாத காலம் இருந்தது. சால்வையைத் தோளில் போடக் கூடாது, நகை போடக் கூடாது, செருப்பை மாட்டக் கூடாது என்று ஒரு பட்டியலே இருந்தது. தோலில் வேலை செய்தவர்களை ஊரின் ஓரத்துக்குத் தள்ளினார்கள். அவர்களின் தொழிற்பெயரையே ஏச்சுப் பேச்சாக்கினார்கள். எங்கள் சமூகம் இதற்கு வெளியே நின்றது என்றும் நான் சொல்ல மாட்டேன். நபி (ஸல்) அவர்கள் தம் செருப்பைத் தம் கையாலேயே தைத்துக்கொள்வார்கள் என்று ஆயிஷா நாயகி (ரழி) அறிவித்ததைக் குத்பாவில் கேட்டுவிட்டு, வெளியே வந்து செருப்புத் தைக்கிறவரை ஒருமையில் கூப்பிடும் ஆட்கள் நம்மிலும் இருக்கிறார்கள். தேய்ந்த குதியைத் திருத்திப் போட இன்றைக்கும் பிள்ளைகள் வெட்கப்படுவதற்கு இந்தப் பழைய ஏச்சும் ஒரு காரணம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இனி இரும்புக்கு வருவோம்.

குதி தேயாமல் இருக்க மனிசர் முதலில் நம்பியது இரும்பைத்தான். ரோமாபுரிப் போர்வீரர்களின் செருப்படியில் வரிசை வரிசையாக இரும்பு ஆணி அடித்திருக்கும். மண் பாதையில் நூற்றுக்கணக்கான மைல் நடக்க அது உதவியது. ஆனால் கல் தளத்தில்? கி.பி. 70இல் ரோமர் ஜெரூசலத்தை முற்றுகையிட்டார்கள். இப்போது பைத்துல் முகத்தஸ் இருக்கும் அதே மேட்டில் அன்று யூதர்களின் ஆலயம் இருந்தது. ஜூலியன் என்ற ரோமப் படைத் தலைவன் ஒருவன் தனி ஆளாகப் பாய்ந்து எதிரிகளை விரட்டிக்கொண்டு போனான். அவன் செருப்பின் ஆணிகள் ஆலய முற்றத்துக் கல்லில் வழுக்கின. விழுந்தான். ஓடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பி வந்து அவனைச் சூழ்ந்து கொன்றார்கள். இதை எழுதி வைத்தவர் அந்தப் போரைக் கண்ட யூத வரலாற்றாசிரியர் ஜொசீபஸ். குதி இரும்பின் நன்மை, தீமை இரண்டையும் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த எனக்கு இதைவிட நல்ல கதை கிடைக்கவில்லை.

நம் ஊரில் இரும்பு முதலில் ஏறியது மாட்டின் காலில். கண்டி வீதியில், இன்றைய ஏ-9இல், லொறிக்கு முந்திய காலத்தில் வண்டில்தான் எல்லாம் சுமந்தது. கல் பரவிய ரோட்டில் மாட்டின் குளம்பு தேயும். கயிறு போட்டு மாட்டைச் சாய்த்து, நாலு காலையும் கட்டி, குளம்பில் லாடம் அடிப்பார்கள். மாட்டுக் குளம்பு இரண்டாகப் பிளந்தது என்பதால் ஒரு காலுக்கு இரண்டு துண்டு. குதிரைக்கு ஒரு வளையம் போதும். இந்த வேலையைப் பார்த்த முதியவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கக்கூடும்.

மனிசச் சப்பாத்தின் குதியில் அடிக்கும் பிறை வடிவ இரும்புத் துண்டுக்கும் அதே பெயர்தான், லாடம். தமிழ்நாட்டிலும் லாடம் அடித்த செருப்பு என்றே சொல்வார்கள். இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் லீட்ஸ் நகரத்து ஜோன் பிளேக்கி இந்தத் துண்டுகளை ஆலையில் வார்த்து விற்கத் தொடங்கினார். இன்றைக்கும் அங்கே அதைப் பிளேக்கி என்றே கேட்டு வாங்கும் ஆட்கள் உண்டு. பிரித்தானியப் படையின் கறுப்புப் பூட்ஸ் அடியில் ஆணிகள், முன்னுக்கு ஒரு இரும்புத் தட்டு, குதியில் ஒரு லாடம். அணிவகுப்புச் சத்தம் என்று நாம் கேட்டது காலின் சத்தம் இல்லை, குதி இரும்பின் சத்தம். பொலிஸ்காரர், ரயில்வேக்காரர், பழைய காலத்து அதிபர்மார் சிலர் லாடச் சப்பாத்தோடு விறாந்தையில் வந்தால் வகுப்பு முழுக்க மூச்சு விடாது என்று மூத்த ஆசிரியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதிகாரம் முதலில் காதுக்குத்தான் வந்திருக்கிறது.

லாடம் குதியைக் காத்தது, காலைக் காக்கவில்லை. இரும்பு அதிர்ச்சியை வாங்காது. ஒவ்வொரு அடியையும் நேராக எலும்புக்குக் கொடுத்துவிடும். சீமெந்து நிலத்தில் வழுக்கும். நிலத்தையும் கீறும். நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவருக்கு அது தண்டனை.

இந்த இடத்தில்தான் ஒரு தொழிலாளி வருகிறார். பெயர் ஹம்ப்ரி ஓ'சலிவன். அயர்லாந்தில் பிறந்து அமெரிக்காவுக்குப் போனவர். மசாச்சுசெட்ஸ் மாநிலத்தின் லோவல் நகரில் அச்சகத்தில் வேலை. கடினமான தளத்தில் நாள் முழுக்க நின்று கால் வலித்ததால் ஒரு இறப்பர் விரிப்பு வாங்கி, அதன் மேல் நின்று வேலை செய்தார். கூட வேலை செய்தவர்கள் அந்த விரிப்பை எடுத்துக்கொண்டே போனார்கள். (எந்த நாட்டு வேலைத்தளமும் ஒன்றுதான்.) இது சரிவராது என்று அவர் விரிப்பில் இருந்து குதி அளவுக்கு இரண்டு துண்டு வெட்டித் தன் சப்பாத்தின் குதியிலேயே ஆணி அடித்துவிட்டார். இனி யாரும் களவெடுக்க ஏலாது. நடந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, நிற்பதற்கு மட்டும் இல்லை, நடப்பதற்கும் அது சுகம். 1899 ஜனவரி 24ஆம் திகதி அதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. பிறகு அவர் பெயரிலேயே இறப்பர் குதிக் கம்பனி நடந்தது.

வெறும் இறப்பரில் ஆணி நிற்காது, ஆணித் தலை இறப்பருக்குள் இறங்கிக் குதி கழன்றுவிடும். ஆகவே இறப்பர் குதி செய்தவர்கள் ஆணி போகும் துளைக்குள் சின்ன இரும்பு வாஷரைப் புதைத்து வார்த்தார்கள். பழைய சப்பாத்தின் இறப்பர் குதி தேய்ந்தபோது உள்ளே வட்ட வட்டமாக இரும்பு மினுங்கும். அது தெரிந்தால் குதி மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். நல்ல பொருள் தன் முடிவைத் தானே சொல்லும். இப்போதைய சப்பாத்து அப்படிச் சொல்வதில்லை, அதைக் கீழே எழுதுகிறேன்.

ஓ'சலிவன் குதி வெட்டிய காலத்தில் உலகத்து இறப்பர் பெரும்பாலும் பிரேசில் காட்டில் இருந்து வந்தது. அது இலங்கைக்கு வந்த கதை 1876இல் தொடங்குகிறது. ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் அமேசனில் இருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளை லண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுபோனார். மிகச் சிலவே முளைத்தன. அவற்றில் ஏறத்தாழ 1,900 கன்றுகள் கண்ணாடிப் பெட்டிகளில் அடைக்கப்பட்டு அதே வருடம் இலங்கைக்கு வந்து, கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொடவில் நடப்பட்டன. ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்களுக்கு வேர் போட்ட இடங்களில் ஒன்று அது. வன்னியின் வெயிலுக்கு இறப்பர் மரம் வராது. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பக்கத்து ஈரம்தான் அதற்கு வேண்டும். அங்கே கூலிக்குப் பால் வெட்டியவர்களில் பலர் தமிழ்நாட்டில் இருந்து கூட்டிவரப்பட்ட சனம். உலகத்தின் குதிக்கு மெத்தை கொடுத்த அவர்கள் தாங்கள் வெறுங்காலோடு மலை ஏறினார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1952இல் இலங்கை சீனாவோடு இறப்பர்-அரிசி ஒப்பந்தம் செய்தது. வருடத்துக்கு 50,000 தொன் இறப்பர் நாங்கள் கொடுக்க, 270,000 தொன் அரிசி அவர்கள் கொடுப்பது. கொரியப் போர் நேரம், அமெரிக்கா முகம் சுளித்தும் அது நடந்தது. அந்த வருடங்களில் கூப்பன் அரிசி சாப்பிட்ட உங்கள் பாட்டன்மார் ஒருவகையில் இறப்பர் சாப்பிட்டவர்கள்தான்.

இறப்பர் நம் காலுக்கு வந்தது பாட்டா வழியாக. செக் நாட்டுச் ஸ்லின் என்ற ஊரில் 1894இல் தோமஸ் பாட்டா தொடங்கிய சப்பாத்துத் தொழில், கல்கத்தாவுக்குப் பக்கத்தில் பாட்டாநகர் என்று ஒரு ஊரையே உண்டாக்கி, இலங்கையில் இரத்மலானைக்கும் வந்தது. வடக்கில் அந்தப் பெயர் செருப்புக்கே பெயராகிவிட்டது. "பாட்டாவைக் கழற்றிப்போட்டு உள்ளே வா" என்று சொன்னால் அது எந்தக் கம்பனிச் செருப்பாகவும் இருக்கலாம்.

1970-77 காலத்தில் இறக்குமதி இறுக்கப்பட்டது. மிளகாயும் வெங்காயமும் செய்த வடபகுதிக் கமக்காரர் அந்த வருடங்களை இன்றும் புகழ்ந்து பேசுவார்கள். கடைக்குப் போய்ச் சாமான் தேடியவர்கள் திட்டுவார்கள். இரண்டும் உண்மை. புதியது கிடைக்காத காலம் திருத்துகிறவருக்கு மதிப்பான காலம். குதி மாற்றுவது, அடி மாற்றுவது, வார் மாற்றுவது எல்லாம் அப்போது சாதாரண வேலை.

பிறகு போர்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கில் இருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியாவின் அவர்கள் கட்டுப்பாட்டுப் பகுதி, 30ஆம் திகதி யாழ்ப்பாணம். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாண நகரத்தவருக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். பலர் கடைசித் தூரத்தை நடந்துதான் வவுனியாப் பக்கம் வந்து சேர்ந்தார்கள், பிறகு புத்தளம். ஐந்து வருடம் கழித்து அதே ஒக்டோபர் 30ஆம் திகதி, 1995இல், வலிகாமத்துத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் மழைக்குள் தென்மராட்சிக்கு நடந்தார்கள். அவர்களில் பெரும் பகுதி பிறகு வன்னிக்கு வந்தது. இந்த இரண்டு திகதியையும் ஒரே வரியில் எழுதினால் இரண்டு பக்கத்திலும் சிலருக்குக் கோபம் வரும். ஒன்றை இன்னொன்றால் நான் சரிக்கட்டவில்லை. இரண்டு நடையிலும் கால் ஒரே மாதிரித்தான் வெடித்தது, அவ்வளவுதான் சொல்கிறேன். அந்த நடைகளை நினைவுகூரும் ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள். எடுத்து வந்த சாமானைச் சொல்வதோடு, எந்த இடத்தில் செருப்பு அறுந்தது என்பதையும் பலர் சொல்வார்கள்.

90களின் வன்னிக்கு பெற்றோல் இல்லை, சீமெந்து இல்லை, பற்றரி இல்லை. பொருளாதாரத் தடை. புதுச் சப்பாத்தும் செருப்பும் அருமையாக வந்தன, வந்தாலும் விலை. ஆனால் ஒரு பொருள் இருந்தது. ஓடாமல் நின்ற வாகனங்களின் ரயர். அந்த ரயர்தான் நம் ஓ'சலிவன் குதி. சைக்கிள் ரயர் மெல்லியது, வளைத்து ஒட்ட நல்லது, ஆனால் குதிக்கு நிற்காது. மோட்டார் சைக்கிள் ரயர் குதிக்கு அளவானது. லொறி ரயர் என்றால் முழு அடியையே வெட்டலாம், ஆனால் உள்ளே இருக்கும் நூல் படலம் கத்தியை மழுக்கிவிடும். கம்பி ரயர் என்றால் தொடவே வேண்டாம், கம்பி நுனி ஒரு நாள் குதியைக் குத்தும். கத்தியை அடிக்கடி தண்ணீரில் நனைத்தால் இறப்பர் இலகுவாக வெட்டுப்படும். இந்த அறிவு எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. தடைக்குள் வாழ்ந்த கைகளில் இருந்தது. பிரெஞ்சுக்காரரோடு போராடிய வியட்நாம் வீரர்களும் இப்படித்தான் ரயர்ச் செருப்போடு நடந்தார்கள், அதற்கு ஹோ சி மின் செருப்பு என்றே பெயர். நம்முடையதற்குப் பெயர் வைக்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

1997 மே 13இல் ஜெயசிக்குறு தொடங்கி, புளியங்குளச் சந்தி மாதக் கணக்கில் போர்முனையாகிச் சனம் காடு, குளக்கட்டு எல்லாம் அலைந்தபோது அந்த ரயர்க் குதியும் கூடவே அலைந்தது. 2002இல் பாதை திறந்தது. கொழும்புச் சாமான் வந்தது. மலிவான, பளபளப்பான சப்பாத்தும் வந்தது. 2006இல் மறுபடி மூடினார்கள். 2009இல் முள்ளிவாய்க்காலில் இருந்து வந்தவர்களில் எத்தனையோ பேர் வெறுங்காலோடு வந்தார்கள். அதற்கு மேல் அதைப் பற்றி இந்தப் பதிவில் எழுத மாட்டேன்.

இப்போதைய சப்பாத்துக்கு வருகிறேன், ஏனென்றால் பெற்றோரின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

இன்றைய மலிவுச் சப்பாத்தின் அடி, குதி இரண்டும் ஒரே வார்ப்பு. பெரும்பாலும் பிவிசி. பாரம் குறையவும் செலவு குறையவும் குதிக்குள் தேன்கூடு மாதிரி வெற்று அறைகள் விடுகிறார்கள். உள்ளே இருக்கும் மெல்லிய தட்டை உயர்த்திப் பார்த்தால் அந்த அறைகள் தெரியும். வெளிப்படலம் தேயும் வரைக்கும் எல்லாம் வடிவு. தேய்ந்து முடிந்த நாளில் ஒரு அறை திறக்கும், கிறவல் கல்லு உள்ளே போகும், மழைத் தண்ணீர் போகும், அதோடு சரி. ஆணி அடிக்க உள்ளே ஒன்றும் இல்லை. பழைய தோல் சப்பாத்தின் குதி அடுக்கடுக்காகக் கட்டப்பட்டது, கடைசி அடுக்கை மட்டும் கழற்றி மாற்றலாம். இது மாற்றுவதற்காகச் செய்யப்பட்ட பொருளே இல்லை.

அதனால் இதற்கு வைத்தியம் முந்தியே செய்ய வேண்டும். புதுச் சப்பாத்தின் கோடுகள் அழிய முதல், குதியின் பின் விளிம்பில் ஒரு பிறைத் துண்டு இறப்பர் ஒட்ட வேண்டும். தடிப்பு நாலைந்து மில்லிமீற்றர் போதும், கூடினால் பிள்ளை முன்னுக்குச் சாயும். இரண்டு காலுக்கும் ஒரே தடிப்பு. ஒட்டும் இரண்டு பக்கத்தையும் உப்புத்தாளால் உராய்ந்து, துண்டின் முன் ஓரத்தைச் சரிவாக வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் தடக்கி உரிந்துவிடும். சைக்கிள் ரியூப்புக்குப் பூசும் சொலூஷன் பிவிசியில் நிற்காது. சப்பாத்துத் தைக்கிறவர்களிடம் அதற்கென்று வேறு பசை இருக்கிறது, அவரிடமே கொடுங்கள். கூலியைப் பேரம் பேசாதீர்கள்.

குதிக்கு இன்னொரு சாவும் உண்டு, அது மேலே இருந்து வருகிறது. சப்பாத்தின் பின்பக்கம், குதிக்காலைச் சுற்றி, துணிக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு கெட்டி மட்டை வைத்திருப்பார்கள். கால் இரண்டு பக்கமும் சரியாமல் பிடிப்பது அதுதான். நம் பிள்ளைகள் அதை மடித்து மிதித்துச் செருப்பு மாதிரிப் போடுகிறார்கள். மட்டை ஒருமுறை முறிந்தால் பிறகு நிமிராது. முறிந்த ஓரம் குதிக்காலை உராய்ந்து கொப்புளம் போடும்.

நான் இதற்காகப் பிள்ளைகளை ஏசுவதில்லை. யோசித்துப் பாருங்கள். ஐரோப்பியன் காலையில் போட்ட சப்பாத்தை இரவில் கழற்றுவான், அவன் சப்பாத்து அதற்காகச் செய்தது. நாங்கள்? வீட்டு வாசலில் கழற்றுவோம், பள்ளிவாசலில் கழற்றுவோம், கோயிலில், சில இடங்களில் வகுப்பறையிலும் கழற்றுவோம். ஒரு நாளைக்குப் பத்துத் தரம் கழற்றி மாட்டும் சனத்துக்குப் பின்பக்கம் மூடிய சப்பாத்து ஒரு தொல்லை. பாரசீகத்தில் இருந்து மொரோக்கோ வரைக்கும் முஸ்லிம் நாடுகளில் பின்பக்கம் திறந்த, அல்லது மடித்து மிதித்த காலணிகள் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பாரசீகத்தில் பாபூஷ் என்றால் காலை மூடுவது. பிரெஞ்சுக்காரர் அதைப் பாபூஷ் என்றே எடுத்துக்கொண்டார்கள். குதியை உலகத்துக்குக் கொடுத்ததும் பாரசீகம், குதியில்லாமல் நடக்கும் வழியைக் காட்டியதும் அதே பாரசீகம்.

சீருடைக்குச் சப்பாத்துக் கட்டாயம் என்று வைத்திருக்கும் வரை பிள்ளைக்கு ஒரு கரண்டியாவது கொடுத்துவிடுங்கள். சாப்பாட்டுக் கரண்டியின் கைப்பிடியைக் குதிக்குப் பின்னால் விட்டுக் காலை இறக்கினால் மட்டை முறியாது. முறிந்துபோனதற்கு, தடித்த பிளாஸ்ரிக் போத்தலில் வளைவான துண்டு ஒன்றை வெட்டி, ஓரத்தை நெருப்பில் காட்டி மழுக்கி, உள்ளே துணிக்குப் பின்னால் செருகித் தைக்கலாம். என் வகுப்புப் பிள்ளைகள் சிலரின் சப்பாத்தில் இதைச் செய்து பார்த்திருக்கிறோம், நன்றாகவே நிற்கிறது.

ஒரு உதவி வேண்டும். பாடசாலைக் கண்காட்சிக்கு இந்தக் கதையைப் பொருட்களோடு வைக்க யோசிக்கிறோம். செருப்புத் தைக்கிறவர்கள் சப்பாத்தைக் கவிழ்த்து வைத்து அடிக்கும் மூன்று கால் இரும்பு, பழைய லாடம் (மாட்டுக்கோ சப்பாத்துக்கோ), 90களில் வெட்டிய ரயர்ச் செருப்பு, வாஷர் புதைத்த இறப்பர் குதி, இவற்றில் ஏதாவது புளியங்குளம், புதூர், கனகராயன்குளம், நெடுங்கேணிப் பக்கத்து வீடுகளில் பரணிலோ கோழிக்கூட்டுக்குப் பின்னாலோ கிடந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள், நானே வந்து எடுத்து, முடிந்ததும் திருப்பித் தருவேன். தடைக்காலத்தில் நம் பக்கம் ரயர் வெட்டிச் செருப்புத் திருத்திக் கொடுத்தவர்கள் யார் யார், எந்தச் சந்தியில் இருந்தார்கள் என்று தெரிந்தவர்களும், அவர்களிடமோ அவர்கள் குடும்பத்திடமோ கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். இதுவரை யாரும் அதை எழுதி வைக்கவில்லை.